தேன்பழத்தின் முதல் பங்கு

மகளைக் குளிப்பாட்டிவிட்டு, அந்தத் தண்ணீர் வாளியோடு பின்பக்கம் வந்தேன். இந்த ஸ்ரீவில்லிபுத்தூர் வாடகை வீட்டில் தானாக முளைத்த தேன்பழ மரத்தில் முதல் பழம் சிவந்திருந்தது. பறித்ததும் அந்தத் தித்திப்பு வாசனை என்னை ராஜபாளையத்துக்கு இழுத்துப் போனது.

அங்கே கிணற்றடியில் இதே மரம். எனக்கு முன் பிறந்து மூன்றாம் நாளே இறந்த அண்ணனைப் புதைத்த இடத்தில் அம்மா நட்டது. என்னைக் குளிப்பாட்டிய தண்ணீரை அதன் வேரில்தான் ஊற்றுவாள். முதல் பழத்தை மரத்தடியில் வைத்த பிறகே எனக்குத் தருவாள்.

ஆறு வயதில் ஒருமுறை நான் முந்திக்கொண்டேன்.

"ஏட்டி, அவன் பங்கைத் தின்னுட்டியே. பொறவு உங்கிட்ட வந்து கேப்பான்," என்று அம்மா சிரித்துக்கொண்டே என் வாயைத் துடைத்தாள். அன்று பிடித்த காய்ச்சல் ஒன்பது நாள் விடவில்லை.

படித்தவள் இதை நம்பலாமா என்று கேட்பார்களே என, யாரிடமும் இதைச் சொன்னதில்லை. ஆனாலும் மகள் குளித்த தண்ணீரை இந்த மரத்துக்குத்தான் ஊற்றி வந்தேன்.

பழத்தை, என் பின்னாலேயே வந்திருந்த மகளிடம் நீட்டினேன். மூன்று வயதுக்காரி வாங்கி, குனிந்து வேரருகே வைத்தாள்.

"ஏன் பாப்பா, நீ திங்கலையா?"

"அண்ணன் கேட்டாம்மா."

எனக்கு அவள் ஒரே பிள்ளை. வாளித் தண்ணீரை ஊற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்கிறேன்.