நெருப்பு குடிக்கும் தண்ணீர்

2018ஆம் ஆண்டு கார்த்திகை மழையின்போதுதான் செல்வகுமாரி, ஜொஹரா பீவியை முதன்முதலாகச் சந்தித்தார். கணக்கு ஆசிரியைப் பணியிலிருந்து ஓய்வு பெற்று அவர் வில்லியனூருக்குக் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கொட்டும் மழையில் பக்கத்து வீட்டுப் பெண்மணி விருந்துச் சோறு வடிக்கும் ஒரு பெரிய பித்தளைத் தேக்சாவைத் தேர்ச்சக்கரம்போல உருட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

"டீச்சர்மா, எங்க வூட்டுக் கொட்டாயில முழங்கால் தண்ணி. இதுக்கு மட்டும் ஒரு எடம் குடுங்க. நான் எங்கனா நின்னுக்கிறேன்."

"தேக்சா உள்ளே, நீங்க வெளியேவா? வாங்கம்மா, ரெண்டு பேருக்கும் எடம் இருக்கு."

மழை விட்டதும் தேக்சா போயிற்று, பழக்கம் தங்கிவிட்டது.

ஜொஹரா பீவி பாகூரில் பிறந்தவர். விருந்துச் சமையல் செய்யும் பண்டாரி ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு வில்லியனூருக்கு வந்தார். வெங்காயம் அரிவதும் மசாலா தாளிப்பதும் அவர் கை. நெய்ச்சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது மட்டும் கணவர் கை. எவ்வளவு என்று கேட்டால், "கண்ணு சொல்லும்" என்பதோடு அவர் நிறுத்திக்கொள்வார். அவர் மறைந்தபின் ஜொஹரா கரண்டியைக் கையில் எடுத்தார். பெண்பிள்ளை பண்டாரியா என்று ஊர் முணுமுணுத்தது. முணுமுணுத்தவர்களுக்கு முதல் கல்யாணத்திலேயே வாய்ப்புக் கிடைத்தது: சோறு குழைந்துபோயிற்று.

"நெய்ச்சோறு கேட்டா கஞ்சி ஊத்திட்டியே, பீவி!" என்று பந்தியிலேயே சிரித்தவர் பாத்திரக்கடை மாலிக். அதன்பிறகு நெடுநாள் ஜொஹராவை யாரும் சமைக்கக் கூப்பிடவில்லை. கடைசியில், தம் மகள் ஷைஸ்தாவின் கல்யாணத்துக்குச் சமைக்கச் சொல்லி அதே மாலிக்தான் வந்தார். மனைவியின் வற்புறுத்தல் அவரை அங்கே அனுப்பியிருந்தது.

"இதான் கடைசி. இன்னொரு தபா கஞ்சி ஆச்சுன்னா, தேக்சாவ என் கடைக்கே உருட்டியாந்துடு. பழைய பித்தளைன்னு எடை போட்டுக்கிறேன்."

அன்று மாலை ஜொஹரா செல்வகுமாரியின் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். "வூட்டுல ஒண்ணுக்கு ரெண்டுதான ஊத்துறோம்? அங்கயும் அதே ஒண்ணுக்கு ரெண்டுதான் ஊத்துனேன். இன்னா தப்பு?"

செல்வகுமாரி உடனே விடை சொல்லவில்லை. விடையை முன்னால் சொல்லும் வழக்கம் அவருக்குக் கிடையாது. "சின்ன அளவா ரெண்டு தடவை அதே தேக்சாவில் சமைங்க. சோறு பதமா வந்த கணக்கை மட்டும் எனக்குச் சொல்லுங்க."

ஜொஹரா சமைத்தார், தெரு சாப்பிட்டது. இரண்டு படி அரிசிக்கு நான்கு படித் தண்ணீர் பதமாக இருந்தது. நான்கு படி அரிசிக்கு எட்டு வேண்டியிருக்கவில்லை. ஆறரையே போதுமாக இருந்தது.

செல்வகுமாரி ஒரு வரைபடத் தாளை எடுத்துப் பென்சிலைக் கூராகச் சீவினார். படுகோட்டில் அரிசி, நெடுங்கோட்டில் தண்ணீர். ஒரு கட்டத்துக்கு ஒரு படி. எந்தக் கோடு எதைக் குறிக்கிறது என்பதை எழுதாமல் புள்ளி வைக்கலாகாது என்பது அவர் கண்டிப்பு. இரண்டு கட்டம் வலப்பக்கம் நகர்ந்து நான்கு கட்டம் மேலேறினால் முதல் புள்ளி. நான்கு நகர்ந்து ஆறரை ஏறினால் இரண்டாவது. "இப்போ ரெண்டையும் சேர்த்து நேர்கோடு போடுங்க. ரெண்டு பக்கமும் நீளட்டும்."

கோடு மேலே ஒழுங்காகத்தான் ஏறியது. கீழே இறங்கும்போது ஜொஹராவின் கை அளவுகோலை விட்டு விலகி, கோட்டை வளைத்து மூலையிலிருந்த பூச்சியத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

"ஏன் வளைச்சீங்க?"

"பின்ன இன்னா டீச்சர்? அரிசியே இல்லன்னா தண்ணி எதுக்கு?"

செல்வகுமாரி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பிறகு வளைவை அழித்து, கோட்டை நேராகவே நீட்டினார். அது பூச்சியத்தைத் தொடவில்லை. நெடுங்கோட்டை ஒன்றரைப் படியில் வெட்டியது. "அரிசி இல்லாம வெறும் தண்ணியை அடுப்புல வச்சா என்ன ஆகும்?"

"கொதிச்சிக் கொதிச்சி ஆவியாப் பூடும்." ஜொஹராவின் கண்கள் அகன்றன. "அப்ப இந்த ஒண்ணரை... நெருப்பு குடிக்கிற தண்ணியா?"

"அதேதான். அரிசி ரெண்டு படி கூடினா தண்ணி ரெண்டரைதான் கூடுது; அதாவது அரிசி ஒவ்வொரு படிக்கும் ஒன்றேகால் படி குடிக்குது. நெருப்பு மொத்தமாவே ஒன்றரைதான் குடிக்குது. நீங்க நெருப்பின் பங்கையும் அரிசியோட சேர்த்துப் பெருக்கிட்டீங்க. அதான் கஞ்சி."

இதைத் தாளின் ஓரத்தில் சமன்பாடாகவும் எழுதினார்: தண்ணீர் = 1¼ × அரிசி + 1½. "கோட்டுக்கு ரெண்டு புள்ளி போதும். ஆனா மூணாவது புள்ளிதான் சாட்சி. சாட்சி இல்லாம கல்யாணத்துக்குப் போகக் கூடாது."

சாட்சிக்கு வாய்ப்பு, அடுத்த தெருவில் ஒரு குழந்தைக்குப் பெயர் வைக்கும் விருந்தாக வந்தது. ஆறு படி அரிசி. கோட்டில் பார்த்து ஒன்பது படித் தண்ணீர் ஊற்றினார் ஜொஹரா. சோறு விறைத்துக்கொண்டது. வெந்நீர் ஒன்றேகால் படி தெளித்த பிறகே பதம் வந்தது. தாளில் வைத்தபோது, மூன்றாவது புள்ளி கோட்டை விட்டு மேலே தனியாக நின்றது.

"உங்க சாட்சி பொய் சொல்லுது டீச்சர். நான் தேக்சாவ உருட்டிர வேண்டியதுதான்."

"சாட்சி பொய் சொல்லாது. அளந்ததை ஒருமுறை செய்து காட்டுங்க."

ஜொஹரா படியில் அரிசியை வழித்து அளந்து கொட்டினார். பிஸ்மி சொல்லி, இரண்டு கையாலும் இன்னோர் அள்ளு அள்ளி மேலே போட்டார்.

"இது என்ன?"

"பரக்கத்து. சோறு குறையாம பெருகணும்னு, விருந்துன்னா படிக்கு ஒரு அள்ளு போடணும். அத யாரும் அளக்கக் கூடாது."

"முதல் ரெண்டு தடவையும் போட்டீங்களா?"

"சோதனைச் சோத்துக்கு எதுக்கு டீச்சர் பரக்கத்து?"

ஆறு அள்ளையும் ஒன்றாகப் படியில் கொட்டிப் பார்த்தார்கள். படி நிரம்பியது. ஆகவே, தேக்சாவில் விழுந்த அரிசி ஆறு படியன்று, ஏழு. புள்ளியைச் செல்வகுமாரி ஒரு கட்டம் வலப்பக்கம் நகர்த்தினார். அது கோட்டின்மேல் போய் அமர்ந்தது.

ஜொஹரா யோசித்தார். "பரக்கத்த நிறுத்த மாட்டேன்."

"நிறுத்த வேணாம். அதுக்கும் தாகம் எடுக்கும்னு மட்டும் நினைச்சுக்குங்க."

ஷைஸ்தாவின் கல்யாணத்துக்குப் பதினெட்டுப் படி, அள்ளுகளோடு இருபத்தொன்று. ஜொஹரா தாமே கோட்டில் விரலை ஏற்றி, இருபத்தேழே முக்கால் என்று படித்தார். உதவிக்கு வந்தவர்கள், "பத்தாது பீவி, இன்னும் ஊத்து" என்று குடத்தைத் தூக்கினார்கள். "குடத்த கீழ வையி. இது என் தேக்சா" என்றார் அவர்; குரல் உயரவில்லை.

தம் கட்டி முடிந்து மூடியைத் திறந்தபோது மாலிக் எதிரிலேயே நின்றார். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் உதிர்த்தார். பருக்கை பருக்கையாக விழுந்தது. இன்னொரு பிடி எடுத்தார். அதை வாயில் போட்டுக்கொண்டார்.

"இன்னா மாலிக் பாய், எடை போட வந்தீங்களா?"

"போடணும், போடணும். மொதல்ல என் தட்டுல போடு!"

இன்று வில்லியனூரிலிருந்து பாகூர்வரை ஜொஹராவின் நெய்ச்சோற்றுக்கு நாள் குறித்துவிட்டே சிலர் கல்யாண மண்டபத்துக்கு நாள் குறிக்கிறார்கள். சென்ற மாதம் ஒரு காலையில் அவர் செல்வகுமாரியின் வாசலில் வந்து நின்றார். பின்னால் தெருவில், பழையதைவிட வாயகன்ற புதிய தேக்சா ஒன்று மாலிக்கின் கடை வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"வாய் அகலம் டீச்சர். இதுல நெருப்பு அதிகமாக் குடிக்கும். பழைய கோடு ஒத்துவராது, அது ஏறத் தொடங்குற எடமே மாறிப்பூடும். ஒரு புதுத் தாள் மட்டும் குடுங்க. மூணு புள்ளியையும் நானே வெக்கிறேன்."