பக்கந்தான் என்றார் அந்த அக்கா

கிள்ளானிலிருந்து ஜொகூர் வரை இன்ஜின் வைத்த பாராசூட்டில் கிளம்பினேன். வழியில் பந்திங்கில் நண்பன் பெட்ரோலோடு காத்திருந்தான். காற்று சாதகமாக இருந்ததால் இறங்காமல் தாண்டிப் போனேன். திமிர்தான். பிறகு காற்று எதிராகத் திரும்பியது. பெட்ரோல் தீர்ந்து, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தின் அகலமான மண்பாதையில் இறங்கினேன்.

மரத்தடியில் உதிரிப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்த அக்கா ஒருவர், தன் மோட்டார் சைக்கிளிலிருந்த பெட்ரோல் முழுவதையும் டியூப் போட்டு எடுத்துக் கொடுத்தார்.

"நீங்க எப்படிக்கா வீட்டுக்குப் போவீங்க?"

"பக்கந்தான்லா தம்பி. நீங்க கிளம்புங்க."

நம்பிக் கிளம்பினேன். மேலே ஏறிய பிறகுதான் தெரிந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை செம்பனை. ஒரு கூரைகூட இல்லை. அவர் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

திரும்பி இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை.

எவ்வளவு தூரம் பறந்தேன் என்று எல்லாரும் கேட்கிறார்கள், சொல்கிறேன். அவர் எவ்வளவு தூரம் தள்ளினார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.