ரூத்தின் இரண்டாவது போர்டு

எந்தத் தாளைக் கொடுத்தாலும் ரூத் முதலில் அதன் முதுகைத்தான் பார்ப்பாள். கல்யாணப் பத்திரிகையானாலும் மருந்துக் கடைச் சீட்டானாலும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, பின்பக்கமிருந்து ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் திருப்பிப் படிப்பாள். எனக்குத் தெரிந்து இத்தனை வருஷங்களாக அது மாறவில்லை.

தொண்ணூற்று நான்கில் அவள் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். சிங்காநல்லூரில் என் சித்தப்பா வெங்கடபதியின் பட்டறையில் சர்க்யூட் போர்டு செய்து கொடுப்போம். எட்டாவதோடு பள்ளியை விட்ட நான் துளை போடும் மெஷினில் இருந்தேன். கிணற்று மோட்டாருக்கு வரும் மூன்று பேஸ் மின்சாரத்தில் ஒன்று போனால், உள்ளே சுற்றியிருக்கும் காயில் எரிவதற்குள் மோட்டாரை நிறுத்திவிடும் கருவி ஒன்றை ரூத்தும் சசிதரும் இன்னும் இரண்டு மாணவர்களும் செய்துகொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை கல்லூரியில் கண்காட்சி. நிஜ மோட்டாரை ஓடவிட்டு, எல்லோர் முன்னாலும் ஒரு பேஸைப் பிடுங்கிக் காட்ட வேண்டும்.

புதன்கிழமை போர்டை வாங்கிப் பார்த்ததும் ரூத்தின் முகம் சுருங்கிவிட்டது. போர்டின் செம்புக் கோடுகள் எல்லாம் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலமாக மாறியிருந்தன. அவர்கள் கல்லூரியில் சாமான் உட்காரும் பக்கமிருந்து பார்த்து வரைவார்கள். எங்கள் பட்டறையில், வரைந்து தரும் பிலிமில் தெரிவதை அப்படியே செம்புப் பக்கமாக எடுத்துக்கொள்வோம். கொடுத்த சசிதரும் சொல்லவில்லை, வாங்கிய நாங்களும் கேட்கவில்லை.

"இதுக்குப் போயி எதுக்கு மூஞ்சியத் தூக்கற?" என்றான் சசிதர். "ஐசியக் குப்புறக் கவுத்து, செம்புப் பக்கமே ஈயம் பத்த வெச்சுப்போடலாம். வேலை செய்யும்."

"மோட்டார் ஓடற அதிர்வுல கழண்டு வந்துச்சுன்னா? மோட்டார் புகையும். அப்புறம் உன்னையத்தான் குப்புறக் கவுத்துப் போடுவாங்க."

"நாலே நாள்தான் இருக்குது, அம்மணி."

"அதனாலதான் இந்த வாட்டி முறையாச் செய்யோணுங்கறேன். நீயே வரைஞ்ச, நீயே பாத்த, நீயே கொண்டாந்து குடுத்த. நாங்க மூணு பேரு எதுக்கு இருக்கறோம்?"

சித்தப்பா சிரித்தார். "சண்டைய முடிச்சுப்போட்டுச் சொல்லுங்க கண்ணு. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள பிலிம் வந்தா, சனிக்கிழமை போர்டு தாரேன்."

பிலிம் அதற்குள் வராவிட்டால் ஐசியைக் குப்புறப் போட்டுப் பழைய போர்டே கண்காட்சிக்குப் போகும் என்று சசிதர் சொல்லிவிட்டான். ரூத் அதற்கு ஒப்புக்கொண்டாள்.

எங்கள் மேஜையிலேயே உட்கார்ந்துதான் வரைந்தாள். முதல் தடவை புத்தகத்து அளவை நம்பியிருந்தார்கள். இப்போது வாங்கி வந்த ரிலேயையும், அதாவது மோட்டாரை நிறுத்தும் சுவிட்சையும், மின்தடைகளையும் தாளின் மேல் வைத்து, கால் விழும் இடங்களைக் குறித்தாள். பிறகு பிலிமுக்கான ஒளி ஊடுருவும் தாளில் கறுப்பு டேப்பை ஒட்டி ஒவ்வொரு கோடாக இழுத்தாள். மூலையில் தன் குழுவின் பெயரை ஒட்டி, "ஏனுங்ண்ணா, செம்புல இந்த எழுத்து நேராத் தெரியோணுங்க" என்று சித்தப்பாவிடம் வாய்விட்டுச் சொன்னாள். டேப் வளையும் இடங்களில் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். எனக்கும் மூச்சு நின்றுவிடும்.

வெள்ளிக்கிழமை காலை வேலை முடிந்தது. மூன்று முறை சரிபார்த்துவிட்டாள். ஆனாலும் சிவப்புப் பென்சிலைச் சசிதரிடம் நீட்டினாள்.

"நாஞ் சர்க்யூட் படத்தப் பாத்து ஒவ்வொரு இணைப்பாச் சொல்றேன். நீ தாள்ல தேடி அடிச்சுட்டே வா. கண்ணுல படாதத அடிக்காத."

முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டுதான் அவன் ஆரம்பித்தான். பாதிக்கு மேல் போனதும் பென்சில் நின்றது. ஒரு சிரிப்பு வந்தது.

"ஏனுங்க மேடம், உங்க ரிலேயிலருந்து கிரவுண்டுக்குப் போற கோடு எங்கீங்க? நடந்தே போயிருமுங்களா?"

ரூத் எழுந்து வந்து பார்த்தாள். கோடு இல்லை. அப்படியே போயிருந்தால் ரிலே அசைந்தே இருக்காது, மோட்டார் நின்றும் இருக்காது. அவளுக்குக் காது வரை சிவந்துவிட்டது. அடுத்த நொடி அவளும் சிரித்தாள்.

"இன்னும் பத்து வாட்டி பாத்திருந்தாலும் என்ற கண்ணுக்கு இது தெரிஞ்சிருக்காது. மிச்சத்தையும் பாரு. நிறுத்தாத."

விடுபட்ட டேப்பை ஒட்டிவிட்டு, எல்லாக் கோடும் சிவப்பாகும் வரை இருவரும் எழுந்திருக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் பிலிம் சித்தப்பா கைக்கு வந்துவிட்டது.

திங்கட்கிழமை சித்தப்பா என்னையும் அழைத்துப் போனார். சசிதர் ஒரு பேஸின் பியூஸைப் பிடுங்கினான். டக்கென்று ரிலே தட்டியது, மோட்டார் நின்றது. தாராபுரத்திலிருந்து வந்திருந்த ஒரு விவசாயி நம்பாமல், "இன்னொருக்காப் புடுங்குங்க தம்பி" என்றார். பிடுங்கினார்கள், மறுபடியும் நின்றது. பரிசு வேறு குழுவுக்குப் போனது. ரூத் அதைக் கவனித்தாளா என்றே எனக்குத் தெரியவில்லை. விவசாயியிடம் கருவியைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தாள்.

இப்போது ரூத் பீளமேட்டில் சொந்தமாகப் போர்டு வடிவமைத்துக் கொடுக்கிறாள். சசிதர் அதில் பங்குதாரர். வேலை முழுவதும் கம்ப்யூட்டரில்தான். நான் சித்தப்பாவின் பட்டறையிலேயே இருக்கிறேன். அவர்கள் அனுப்பும் ஒவ்வொரு படத்திலும் வரைந்தவர் பெயரும் சரிபார்த்தவர் பெயரும் இருக்கும், இரண்டும் ஒரே பெயராக இருந்ததில்லை.