யாரு ஜாடை

நர்சிங் இரண்டாம் ஆண்டில் எனக்குப் பிரசவ அறையில் டூட்டி போட்டார்கள். அங்கே வந்த பெண்களில் ஒருத்தியை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. பீங்கான் பொம்மை செய்யும் கம்பெனியில் அவளுக்கு வேலை. வலி கண்டதும் அங்கிருந்தே ஆட்டோவில் வந்துவிட்டாள். காலைக் கழுவிவிட்டேன். பாத வெடிப்புக்குள் இருந்த வெள்ளை மண் மட்டும் போகவேயில்லை.

"பயமா இருக்குது சிஸ்டரு. நேத்துலேர்ந்து புள்ள அசையவே இல்ல" என்றாள்.

டாக்டரம்மா கருவியை வயிற்றின் மேல் நகர்த்தி நகர்த்தி இதயத் துடிப்பைத் தேடினார். பிறகு, சேதி கேட்டு வந்திருந்த அவளுடைய மாமியாரை வெளியே அழைத்துப் போனார்.

மதியம் பெண் குழந்தை பிறந்தது.

"ஏன் அழுவல?"

என் கையைப் பிடித்திருந்ததால் என்னைத்தான் கேட்டாள். டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார். அவள் கத்தவில்லை. "ஒரு தடவ காட்டுங்க" என்றாள்.

மாமியார் கதவருகில் நின்று கும்பிட்டார். "வேணாங்க. பாத்தா அவ தாங்க மாட்டா."

குழந்தையைத் துடைத்துத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தார்கள். உடம்பில் இன்னும் சூடு இருந்தது. முகத்தைப் பார்த்தபடியே வெளியே கொண்டுபோய் மாமியாரிடம் கொடுத்தேன்.

சில வாரம் கழித்து, பஸ் ஸ்டாண்டில் யாரோ என் தோளைத் தொட்டார்கள். அவள்தான்.

"தெனமும் கனவுல வருது சிஸ்டரு. ஆனா மூஞ்சி தெரியல. வூட்ல கேட்டா, மறந்துடுங்கறாங்க. நீங்க பாத்தீங்களே, சொல்லுங்களேன். யாரு ஜாடை?"

அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்று சொன்னேன். "தல நெறைய முடி அக்கா. மூக்கு உங்க மூக்குதான். கீழுதடு கொஞ்சம் பிதுங்கி, கோவிச்சிக்கிட்ட மாதிரி இருந்துச்சு."

"கோவிச்சிக்கிட்டா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. தன் உதட்டை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டாள். பெண்ணாடம் பஸ் வந்ததும், "வரேன் சிஸ்டரு" என்று ஏறிவிட்டாள். பிறகு அவளை நான் பார்க்கவேயில்லை.

எனக்குக் கல்யாணமாகி மகள் பிறந்தாள். பக்கத்தில் கொண்டுவந்து படுக்க வைத்தபோது, உடனே திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"திரும்புடி, ஒன்னயத்தான் பாக்குது" என்று அம்மா அதட்டிய பிறகுதான் திரும்பினேன்.