கிரைண்டருக்குப் பக்கத்தில் ஒரு பாய்

டெல்பின் பகலில் தூங்குகிறவள். இதைச் சொன்னால் ஓசூரில்கூடச் சிலர் முகத்தைச் சுளிக்கிறார்கள். பாதி ஊர் நைட் ஷிஃப்டில் கிடந்து சாகிறது, ஆனாலும் விடிந்தபின் படுக்கிற பெண் என்றால் சோம்பேறியாம்! என்ன நியாயமோ.

ஊத்தங்கரையிலிருந்து வந்து எட்டு வருஷமாக இரும்புத் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறாள். தகட்டை வைக்க வேண்டும், இயந்திரம் அடிக்கும், எடுக்க வேண்டும். காலை ஏழரைக்குத் திரும்பி வந்து சத்தமில்லாமல் கேட்டைத் திறப்பாள். பாத்திரத்தைக்கூட மெல்லத்தான் வைப்பாள். அக்கம்பக்கத்தில் யாரும் அவளால் தூக்கம் கெட்டோம் என்று சொன்னதில்லை.

மாடியில் வீட்டுக்காரம்மா சரோஜம்மாள். இட்லி மாவு அரைத்துத் தெருவுக்கே விற்கிறவர். ஒன்பது மணியிலிருந்து இரண்டு மணிவரை டெல்பின் தலைக்கு நேர் மேலே கிரைண்டர் ஓடும். இதில் அந்தம்மாவுக்குப் பெருமை வேறு.

“ராத்திரி எட்டு மணிக்கு மேல எங்க வீட்ல ஒரு சத்தம் கேக்காது. குடியிருக்கறவங்க தூங்கணுமில்ல?” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அந்த அமைதியை அனுபவிக்க டெல்பின்தான் வீட்டில் இருக்க மாட்டாள்!

போன மாதம் வேலையில் கண் சொக்கியது. தகட்டின் விளிம்பு கட்டைவிரலைக் கிழித்து மூன்று தையல். “இன்னொரு வாட்டி இப்படின்னா கையே போயிடும்மா” என்றார் சூப்பர்வைசர். டெல்பின் பயந்துதான் போனாள். மறுநாளே மாடியேறினாள்.

“அக்கா, கிரைண்டரைப் பின்பக்கம் தள்ளி வைங்க. இல்லன்னா மூணு மணிக்கு மேல அரைங்க. அதுக்குள்ள நான் எழுந்துருவேன்.”

“பகல்ல ஊரே சத்தம் போடுது. உனக்காக நான் மட்டும் கையைக் கட்டிக்கினு உக்காரணுமா? புடிக்கலன்னா ஒண்ணாம் தேதி காலி பண்ணு.”

இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் அதே பதில். மூன்றாம் தடவை கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் பாயையும் தலையணையையும் சுருட்டிக்கொண்டு மேலே போனாள். சரோஜம்மாளின் சமையலறையில், ஓடுகிற கிரைண்டரை ஒட்டிப் பாயை விரித்துப் படுத்துவிட்டாள்.

கோபம் வந்தால் சரோஜம்மாளுக்குக் கன்னடம்தான் வரும். “ஏனம்மா இது! ஏளு, ஏளு!” என்று கத்தினார்.

“எழுந்திரிக்க மாட்டேன். கீழே படுத்தாலும் இதே சத்தம்தான். இங்கயாச்சும் பெரிய ஃபேன் இருக்குது.”

“மாவு வாங்க வர்றவங்க என்ன நெனைப்பாங்க?”

“நெனைக்கட்டும்.”

மாவு வாங்கத் தூக்குவாளியோடு வந்த சம்பங்கி வாசலிலேயே நின்றுவிட்டாள். “யாரு செத்தாங்க?” என்று கேட்டுவைத்தாள் புண்ணியவதி. சரோஜம்மாளுக்கு மானம் போய்விட்டது.

“ஏம்மா, மனுஷி காலடியில படுத்துக் கெடந்தா எப்படி நான் வேலை செய்யறது? ஒரு நாளைக்கே எனக்குக் கை ஓடல!”

டெல்பின் தையல் போட்ட கட்டைவிரலை நீட்டினாள். “எனக்கு எட்டு வருஷமா ஓட வேண்டியிருக்குது. ராத்திரி நான் கண்ணு மூடினா இந்தக் கை இருக்காது. சத்தம் போடாதீங்கன்னு சொல்லல. நான் தூங்கற நேரத்துல போடாதீங்கன்னுதான் சொல்றேன்.”

சரோஜம்மாள் அந்த விரலையே பார்த்தார். பிறகு சுவிட்சை அணைத்தார். அணைத்த வேகத்தில் கோபம் தெரிந்தது, போகட்டும். அணைத்தாரே!

மூன்று மணிக்குக் கண் விழித்தபோது அரிசி பாதி அரைபட்டபடி கிடந்தது. சரோஜம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார்.

“தூங்கியாச்சா மகாராணி? எடு பாயை. இனிமே இந்தப் பக்கம் வராதே.”

டெல்பின் நிதானமாகப் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

“நாளைக்குப் பத்து மணிக்கு இது ஓடுச்சுன்னா வருவேன்க்கா.”