சொல்லிக்கொள்ளாமல்

பதுளை பஸ் நிலையத்துத் தேநீர்க்கடைக்காரருக்குப் புருவம்கூட நரைத்திருந்தது. வானொலியில் செய்தி தொடங்கினால், ஆற்றிக்கொண்டிருக்கும் தேநீரை அப்படியே வைத்துவிட்டு, முடியும்வரை கண்ணை மூடி நிற்பார். இந்திய ராணுவம் யாழ்ப்பாணத்தில் சண்டை போட்ட காலம் அது. 'இந்திய ராணுவமே வெளியேறு' என்று அவர் கடைச் சுவரிலும் யாரோ நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்.

"அவங்க போகணுமா, இருக்கணுமா? என்ன சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"எம் மவன், தோட்டத்து ஆளுங்கள இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புன அந்தப் பழைய ஒப்பந்தத்துல போனவன்ங்க. அங்க ஆமியில சேந்து, இப்ப யாழ்ப்பாணத்துல துவக்கோட நிக்கிறான். போகட்டும். ஆனா யார்கிட்டயும் சொல்லிக்காம போகட்டும். எழவு வீட்டுல 'போயிட்டு வர்றேன்'னு யாராச்சும் சொல்லுவாங்களா?"

லுணுகலை பஸ் வந்தது. வழக்கம்போல் "போயிட்டு வர்றேங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். செய்தி தொடங்கும் முன்பே அவர் கண்ணை மூடி நின்றார்.

சொல்லாமலே பஸ் ஏறினேன்.