ஜெயசித்ரா கறி சாப்பிடமாட்டாள்

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது ஜெயசித்ரா கறி சாப்பிடுவதை விட்டாள். விரதமோ வேண்டுதலோ எதுவும் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா செல்லமுத்து வீட்டுச் சேவலை அறுக்கும்போது காலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்துக்கொண்டாள். அது துடித்து அடங்கும் வரைக்கும் விடவில்லை. மதியம் அம்மா குழம்பு ஊற்ற வந்தபோது தட்டின் மேல் கையை வைத்து மறைத்து, "எனக்கு ரசம் போதும்" என்றாள். அவ்வளவுதான்.

ரெண்டு வாரத்தில் சரியாகிவிடும் என்று வீட்டில் நினைத்தார்கள். ஆகவில்லை. கறித்துண்டை எடுத்துவிட்டுக் குழம்பை மட்டுமாவது ஊற்றுகிறேன் என்று அம்மா கெஞ்சிப் பார்த்தாள். பிறகு பயமுறுத்திப் பார்த்தாள்.

"போற வூட்ல ஆக்கிப் போடச் சொன்னா என்னடி பண்ணுவ?"

"ஆக்கித் தருவேன். திங்கமாட்டேன்."

அந்த வருடமே மாமா மகனுக்குக் காதுகுத்து. குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டி, தென்னந்தோப்பில் பந்தி போட்டார்கள். அந்த மாமா, அம்மாவின் தம்பி மாயவன்தான் பரிமாறினார். ஜெயசித்ரா வெறும் சோறும் ரசமும் வைத்துச் சாப்பிடுவதைப் பார்த்து, "என்னமோ அதிசயமா பொறந்த மாதிரி" என்று சொல்லிக்கொண்டே ஒரு கரண்டி கறியை அள்ளி அவள் இலையில் வைத்தார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் இலையை மடித்துவிட்டு எழுந்து போனாள். பந்தி பாதியில் இருந்தது. பெரியவர்கள் கூட இன்னும் எழவில்லை. மாயவன் கரண்டியோடு அப்படியே நின்றார். அதற்குப் பிறகு ஒரு வருடம் அவர் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை.

திரும்பும் வழியில் அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் செல்லமுத்து அவளுக்குப் பூரி வாங்கிக் கொடுத்தார். திட்டுவார் என்று நினைத்திருந்தாள். அவர், "அவன் செஞ்சது தப்புதான். நீ பந்தியில எந்திரிச்சதும் தப்புதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, இன்னொரு செட் பூரிக்குச் சொன்னார்.

செல்லமுத்து ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரி ஓட்டுகிறார், ஒப்பந்தக்காரரிடம். பிளஸ் டூ முடித்ததும் ஜெயசித்ரா சிவில் இன்ஜினியரிங் கேட்டாள். ஏன் சிவில் என்று கேட்டவர்களிடம், "வூட்டச் சுத்தி சிமெண்ட் தூசிதான். வேற என்னத்தப் படிக்க?" என்றாள். பெரம்பலூர் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. பெயர் இங்கே வேண்டாம். விடுதியில் தங்கிப் படித்தாள்.

விடுதி மெஸ்ஸில் புதன்கிழமை முட்டை, ஞாயிற்றுக்கிழமை கோழி. மற்ற நாளெல்லாம் சாம்பாரும் பொரியலும். ஜெயசித்ராவின் முட்டை எப்போதும் மேகலாவின் தட்டுக்குப் போய்விடும். மேகலா உடையார்பாளையத்துப் பெண், இவளுடைய அறைத்தோழி, பல்கலைக்கழகத்துக்காக எண்ணூறு மீட்டர் ஓடுகிறவள். காலையில் மைதானத்திலிருந்து வந்தால் எதைப் பார்த்தாலும் பசிக்கும் என்பாள். அறையில் மூன்றாவது ஆள் ஆர்த்தி. திருச்சிக்காரி. வீட்டில் எல்லாம் சாப்பிடுவார்கள். அவள் மட்டும் பூமி சூடாவதைப் பற்றிப் படித்துப் படித்து, கறியை விடுவதும் மறுபடி பிடிப்பதுமாக இருந்தாள். மூன்று பேரும் ஒரே மேசையில்தான் உட்காருவார்கள். யார் தட்டில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை.

மூன்றாம் ஆண்டு தொடங்கியதும் மெஸ் வாசலில் பச்சை நிறத்தில் பெரிய பேனர் வந்தது. இந்தப் பருவத்திலிருந்து விடுதி உணவகங்கள் முழுக்கத் தாவர உணவுக்கு மாறுகின்றன, நம் வளாகம் பசுமை வளாகம் என்று போட்டிருந்தது. கீழே ஒரு இலையின் படம்.

"அப்ப தயிரு?" என்று வரிசையில் யாரோ கேட்டார்கள்.

"தயிரு, டீ எல்லாம் உண்டு" என்றார் வார்டன் சம்பூர்ணம்.

"பாலு எந்தச் செடியில காய்க்குது மேடம்?"

வரிசை முழுக்கச் சிரித்தது. வார்டனுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

அடுத்த சில நாட்கள் மெஸ்ஸில் வேறு பேச்சே இல்லை. வீட்டிலேயே கறி எடுக்காத பெண்கள் சிலருக்கு இது நிம்மதி, ஞாயிற்றுக்கிழமை வாடை இருக்காது என்றார்கள். ஆர்த்தியைப் போல நாலைந்து பேர் உண்மையாகவே சந்தோஷப்பட்டார்கள். பையன்கள் விடுதியில் பெரிய கவலை இல்லை. சாயங்காலம் கேட்டைத் தாண்டிப் போனால் நெடுஞ்சாலையில் வரிசையாகப் புரோட்டாக் கடைகள். பெண்களுக்கு அது கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வெளியே விடுவார்கள், அதுவும் வீட்டிலிருந்து போன் வந்தால். நிறையப் பெண்களுக்கு விடுதிக் கோழிதான் அந்த வாரத்தின் ஒரே கோழி. பேனரில் எல்லோருக்கும் பொது என்று போட்டிருந்த சட்டம் பெண்கள் கழுத்தில்தான் வந்து விழுந்தது.

போதாததற்கு, புதன்கிழமை முட்டைக்குப் பதிலாக மீல்மேக்கர் குழம்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மீல்மேக்கர் பிரியாணி. ஈரம் பிழியாமல் போட்டதால் கடித்தால் தண்ணீர் தெறித்தது. ஜெயசித்ராவாலேயே அதைச் சாப்பிட முடியவில்லை.

"காய்கறிய இவ்ளோ கேவலமா ஆக்கிப் போட்டா, விடணும்னு நெனச்சவகூட விடமாட்டா" என்றாள் ஆர்த்தியிடம்.

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும். போகப்போக சரியாயிடும்" என்றாள் ஆர்த்தி.

மேகலா மாவட்ட அளவிலான போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்த நேரம் அது. ஞாயிற்றுக்கிழமை வெளியே போனவள் பைக்குள் முட்டை வாங்கி வந்து, காலையில் எலெக்ட்ரிக் கெட்டிலில் வேகவைத்துத் தின்றாள். நாலாவது நாள் வாடை வராந்தாவுக்குப் போய்விட்டது. வார்டன் வந்தார். கெட்டிலைப் பறிமுதல் செய்தார். மிச்சமிருந்த முட்டைகளை எல்லோரும் பார்க்கக் குப்பைத் தொட்டியில் போட்டார். உடையார்பாளையத்துக்குப் போன் போனது. உங்கள் பெண் விடுதி விதியை மீறி அறைக்குள் அசைவம் சமைக்கிறாள் என்று சொன்னார்கள். மேகலாவின் அப்பா முழுதாகக் கேட்கவில்லை. விடுதியிலிருந்து போன் வந்தது என்றதுமே ஏதோ பையன் விவகாரம் என்று நினைத்து அன்றைக்கே கிளம்பி வந்துவிட்டார். முட்டைக்குத்தான் கூப்பிட்டார்கள் என்று புரிந்ததும் கேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். மகளிடம் ஒரு வார்த்தை பேசாமல் ஊருக்குப் போனார்.

அதே வாரம் மாணவர் நலத்துறைத் தலைவர் ராஜதுரை ஜெயசித்ராவைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர், பிள்ளைகளிடம் குரல் உயர்த்தாதவர். அவளை உட்காரச் சொன்னார்.

"நீயா விருப்பப்பட்டு அசைவத்த விட்டவளாமே. வார்டன் மேடம் சொன்னாங்க. வெள்ளிக்கிழமை திட்டத்த முறைப்படி தொடங்கி வெக்கிறோம். வெளியிலேருந்தெல்லாம் வர்றாங்க. உன்ன மாதிரி ஒரு பொண்ணு மேடையில பேசினா பிள்ளைங்க மனசுல படும்."

"என்ன பேசணும் சார்?"

"உன் அனுபவத்தச் சொல்லு. போதும்."

"அதை மட்டும் சொன்னா போதுமா சார்?"

"அதைவிட வேற என்னம்மா வேணும்?"

சரி என்று சொல்லிவிட்டு அறைக்கு வந்தாள். ஆர்த்திக்கு அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"சித்ரா, இது நல்ல விஷயம்டி. கெடுத்துடாத."

"நல்ல விஷயந்தான். அதான் எனக்குக் கோவமே" என்றாள் ஜெயசித்ரா.

வெள்ளிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. விருந்தினர்களுக்குப் பொன்னாடையோடு ஒவ்வொருவர் கையிலும் ஒரு மரக்கன்று கொடுத்தார்கள். அவள் முறை வந்தபோது ராஜதுரையே பெயர் சொல்லி அழைத்து, தன் மனசாட்சிப்படி நடக்கும் மாணவி என்று அறிமுகப்படுத்தினார். ஜெயசித்ரா மைக்கைக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொண்டாள்.

"நான் ஒம்பதாவதுலேருந்து கறி சாப்பிடறதில்ல. எங்க வூட்ல எல்லாரும் சாப்பிடுவாங்க. என்னை யாரும் விடச் சொல்லல. சாப்பிடச் சொல்லித்தான் எல்லாரும் சொன்னாங்க. ஒரு விசேஷத்துல என் எலையிலயே கொண்டாந்து வெச்சாங்க. நான் எந்திரிச்சுப் போயிட்டேன்."

கைதட்டல் வந்தது. அது அடங்கும் வரை நின்றாள்.

"இங்க நடக்கறதும் அதேதான். அங்க கேக்காம வெச்சாங்க. இங்க கேக்காம எடுக்கறீங்க. காய்கறி சாப்பிடறது நல்லதுன்னு நானும் நம்புறேன். நல்லா ஆக்கிப் போட்டு, சாப்பிட்டுப் பாருங்கன்னு சொல்லியிருந்தா பாதிப் பேரு தானா வந்திருப்பாங்க. நீங்க அதச் செய்யல. என் ரூம்ல ஒரு பொண்ணு முட்டை வேகவெச்சதுக்கு அவ வூட்டுக்குப் போன் போட்டீங்க. அவங்கப்பா என்னமோ ஏதோன்னு பதறிக்கிட்டு ஓடி வந்தாரு. நான் விட்டது என் இஷ்டத்துல. அத ஒரு உத்தரவுக்கு விளம்பரமா வெக்காதீங்க."

பேசி முடிப்பதற்குள் மைக் நின்றுபோனது. கடைசி இரண்டு வரியை வெறும் தொண்டையில் சொல்லிவிட்டு இறங்கினாள். அரங்கில் கைதட்டல் இல்லை. ராஜதுரை எழுந்து அடுத்த விருந்தினரை அழைத்தார்.

பிறகு சாப்பாடு. அன்றைக்கு மட்டும் மெஸ்ஸில் வாழைக்காய் வறுவல், பாசிப்பருப்புப் பாயசம் என்று பிரமாதமாகச் சமைத்திருந்தார்கள். விருந்தினர்கள் ஒருபக்கம் உட்கார்ந்திருந்தார்கள். ஆர்த்தி தட்டை எடுத்தாள். எதையும் வாங்காமல் வெறும் தட்டோடு போய் நடு மேசையில் உட்கார்ந்தாள். அவள் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. பக்கத்தில் மேகலா போய் உட்கார்ந்தாள். பின்னால் வந்தவர்கள் ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி காலித் தட்டோடு உட்காரத் தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை வாடை பிடிக்காது என்று சொன்ன பெண்களில் சிலரும் அதில் இருந்தார்கள். யாரும் கோஷம் போடவில்லை. பரிமாற நின்றவர்கள் கரண்டியோடு பார்த்துக்கொண்டே இருந்தார்கள். விருந்தினர்களில் ஒருவர், "பிள்ளைங்களுக்கு இன்னிக்கு விரதமா?" என்று கேட்டார்.

மறுநாள் செல்லமுத்துவை வரச் சொல்லிவிட்டார்கள். லாரியை இன்னொருவரிடம் விட்டுவிட்டு, புழுதி படிந்த சட்டையோடு வந்தார். ராஜதுரையின் அறையில் நாற்காலி காட்டியும் உட்காரவில்லை. நடந்ததை ராஜதுரை சொல்லி முடிப்பதற்குள் செல்லமுத்து இரண்டு கையையும் கூப்பினார்.

"சின்னப் பொண்ணு சார். தெரியாமப் பண்ணிடுச்சு. மன்னிச்சு வுட்டுருங்க."

ஜெயசித்ரா அவர் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"தெரிஞ்சுதான்ப்பா பேசுனேன். நீங்க எதுக்குக் கும்பிடறீங்க?"

"பேசாம இருடி."

"உன் மேல கோவம் இல்லம்மா" என்றார் ராஜதுரை. "நிர்வாகத்துக்கு நான் பதில் சொல்லணும். நடந்ததுக்கு வருந்துறேன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடு. இல்லேன்னா ஹாஸ்டல் ரூம காலி பண்ணச் சொல்வாங்க. என்னால தடுக்க முடியாது."

"நான் வருத்தப்படல சார்."

அன்று சாயங்காலமே பெட்டியைக் கட்டினாள். மேகலா அழுதாள். பஸ்ஸில் செல்லமுத்து அரியலூர் வரைக்கும் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

வெறும் தட்டு விஷயம் எப்படியோ வெளியே பரவிவிட்டது. நிர்வாகம் இரண்டு விடுதியிலும் மாணவர்களின் விருப்பத்தைக் கேட்டது. முட்டையும் ஞாயிற்றுக்கிழமைக் கோழியும் வேண்டும் என்றவர்கள்தான் அதிகம். ஆனால் அவர்களிலேயே நிறையப் பேர், மற்ற நாளில் காய்கறிச் சாப்பாடு போதும், ஒழுங்காகச் சமைத்துப் போடுங்கள் என்றும் சொல்லியிருந்தார்கள். தட்டைப்பயறு குழம்பு, கீரை, கத்திரிக்காய் காரக்குழம்பு என்று அவரவர் வீட்டுச் சமையலைக் கேட்டார்கள். மீல்மேக்கரை யாரும் கேட்கவில்லை. மேகலாவுக்கு முட்டை திரும்பி வந்தது. ஆர்த்தி மெஸ் குழுவில் சேர்ந்து, கோழி போடும் நாளிலும் ஒரு பக்கம் நல்ல காய்கறிச் சாப்பாடு கிடைக்கும்படி செய்தாள். விருப்பப்பட்டவர்கள் அங்கே போகலாம். சில வாரம் அந்த வரிசைதான் நீளமாக இருக்கிறது, பையன்களும் நிற்கிறார்கள் என்று ஜெயசித்ராவுக்குப் போனில் சொன்னாள்.

ஜெயசித்ராவுக்கு அறை திரும்பி வரவில்லை. விடிவதற்குள் எழுந்து, ரெட்டிபாளையத்திலிருந்து அரியலூர், அங்கிருந்து பெரம்பலூர் என்று பஸ் மாறி மாறிப் போனாள். உட்கார்ந்தபடியே தூங்கி ஸ்டாப்பைத் தவறவிட்டதும் உண்டு. முதல் பஸ்ஸுக்குச் செல்லமுத்துதான் வண்டியில் கொண்டுவந்து விடுவார். ரொம்ப நாள் வரைக்கும் அந்த விஷயத்தை அவர் எடுக்கவே இல்லை. ஒரு நாள் மழையில் பஸ்ஸுக்காக ஒதுங்கி நின்றபோது திடீரென்று கேட்டார்.

"அன்னிக்கு நான் கும்பிட்டது ஒனக்கு அசிங்கமாப் போச்சா?"

"அசிங்கம் இல்லப்பா. கோவம்."

"யாரு மேல?"

"அவரு ஒக்காந்திருக்க, நீங்க நின்னுட்டு இருந்தீங்க. அதுதான்."

செல்லமுத்து தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "எனக்கும் அப்பறமாத்தான் கோவம் வந்துச்சு" என்றார்.

இப்போது அவளுக்குக் கடைசி வருடம். போன மாதம் ராஜதுரை அவளை வராந்தாவில் பார்த்துவிட்டு நிறுத்தினார். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருப்பதைக் கவனித்திருக்க வேண்டும்.

"ரூம் ஒண்ணு காலியா இருக்கும்மா. ரெண்டு வரி எழுதிக் குடுத்தா போதும். நானே கையெழுத்துப் போட்டு வாங்கித் தரேன். இந்த வீம்பு எதுக்கு?"

"இன்னும் ஒரு செமஸ்டர்தான சார். பஸ்லயே வந்துட்டுப் போயிடறேன்" என்றாள் ஜெயசித்ரா. அவர் வேறு ஏதோ சொல்ல வந்தார். மணி அடித்துவிட்டது. வரேன் சார் என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள்.